நூல் பிடிக்காத மிஷினும் நீயும்

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும், குரல் உடைந்திருக்கும், என்னைவிட ஒரு சாண் உயரமாக இருப்பாய். இன்றைக்கு உனக்கு ஆறு பல். நேற்று உன்னைப் பற்றி ஒரு பேச்சு நடந்தது. நீ ஒன்றும் தெரியாமல் விளையாடிக்கொண்டிருந்தாய். அதைப் பற்றி உன் தாத்தா ஒரு விதமாகச் சொல்வார், உன் அஞ்சலை அத்தை வேறு விதமாகச் சொல்வார். அவர்கள் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் நான் சொல்லாமல் விட்டால் என் பக்கம் மட்டும் எங்குமே இல்லாமல் போய்விடும். எனக்கு நேருக்கு நேர் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும். அதனால் எழுதுகிறேன். வேறு யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

எனக்கு இப்போது பத்தொன்பது வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். படிப்பு வராமல் இல்லை. டீச்சர் பேர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ என்று சொல்லக் குரல் எழும்பாது. வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பேன், வராதவள் என்று ஆகிவிடும். கடைசியில் போகாமலே இருந்துவிட்டேன். பதினெட்டு முடிந்ததும் உன் அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்தவர். கடலுக்குப் போகப் பிடிக்காமல் தாம்பரத்தில் ஏசி மெக்கானிக்கிடம் வேலைக்குச் சேர்ந்தவர். எங்கே போனாலும் எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். கடையில் எனக்கு வளையல் பேரம் பேசுவதுகூட அவர்தான். அந்த நிம்மதியில் நான் இன்னும் ஊமையாகிப் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. உனக்குத் தலை நிற்பதற்கு முன்னாலேயே அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி. வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

நான் உன்னைத் தூக்கிக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் என் அம்மா வீட்டுக்கு வந்தேன். சேலையூரில் என் முதலாளி எஸ்தர் அக்கா வீட்டு கார் ஷெட்டில், கல்யாணத்துக்கு முன் நான் பார்த்த எம்பிராய்டரி வேலை அப்படியே காத்திருந்தது. ஷெட்டில் காருக்குப் பதிலாக ஒரு கம்ப்யூட்டர் மிஷின் நிற்கும். “பையனை யார்கிட்டயும் விடாத. தூக்கிட்டே வா, இங்கயே தூளி கட்டிக்கலாம்” என்றார் அக்கா. வேறு எந்த யூனிட்டிலும் இதைச் சொல்ல மாட்டார்கள். நான் விசாரித்துப் பார்த்துவிட்டேன். ஊசி ஓடும் இடத்தில் குழந்தையா என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மிஷின் சத்தம் நின்றால் நீ விழித்துக்கொள்வாய், ஓடினால் தூங்குவாய். ஆகவே எனக்கு அந்த மிஷின் என்றால் நீ, நீ என்றால் அந்த மிஷின். இதை நீ முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு தலை, ஒன்பது ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் மேலே ஒரு வட்டக் குமிழ். குமிழுக்குப் பின்னால் இரண்டு சின்னத் தகடுகள், அவற்றை அழுத்த ஒரு ஸ்பிரிங். அந்தத் தகடுகளுக்கு நடுவே மேல்நூல் பிடிபட்டு வர வேண்டும். கீழே பாபின் என்னும் சின்னச் சக்கரத்தில் வெள்ளை நூல். இரண்டு நூலும் சமமாக இழுத்தால்தான் தையல் உட்காரும். முன்பக்கத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. துணியைத் திருப்ப வேண்டும். பின்னால் நடுவில் வெள்ளையாக ஒரு கோடும், இரு ஓரத்திலும் மேல்நூலின் நிறமும் தெரிந்தால் சரி. பின்னால் வெள்ளையே தெரியாவிட்டால் மேல்நூல் தளர்ந்து கிடக்கிறது. வெள்ளை முன்பக்கம் எட்டிப் பார்த்தால் மேல்நூல் அளவுக்கு மேல் இழுக்கிறது. எனக்கு நன்றாகத் தெரிந்த படிப்பு இது ஒன்றுதான்.

இந்த வருஷம் ஆயுத பூஜை அன்று உன்னைப் பார்க்க அத்தை வந்திருந்தார். அத்தை என்றால் உன் அப்பாவின் அக்கா, எனக்கு அண்ணி. கூடையில் மீன் விற்பவர். குழந்தை இல்லாதவர். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். எஸ்தர் அக்கா கிறிஸ்தவர் என்றாலும் எனக்காகப் பொரியும் கடலையும் வாங்கி வைத்திருந்தார். அத்தை மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இன்னாமே, இத மொட்டையா வுட்டுகினு கீற? எங்க போட்டு இன்ஜினுக்கு நெத்தி நெறைய வெப்போம், அப்பறம்தான் அது கடல்லயே எறங்கும்” என்று சொல்லிக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்தார். குமிழ்களைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். “தபாரு, இதுக்கு ஒம்போது நெத்தி கீது! ஒண்ண வுட்டா அது கோச்சிக்கும்.” ஒவ்வொரு குமிழுக்கும் விரல் நிறையச் சந்தனம், அதன் மேல் குங்குமம். “நல்லா வைங்கம்மா, எங்களுக்கும் ஆசீர்வாதம் வேணுமில்ல” என்று அக்கா சிரித்தார். மீந்ததை உன் நெற்றியில் தடவினார் அத்தை. நீ அதை நக்கப் பார்த்தாய்.

தீபாவளி முடிந்து ஒரு நாள் அத்தை தாம்பரத்துக்கு வந்து என் அப்பா அம்மாவோடு உட்கார்ந்தார். நான் சமையலறை வாசலில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். “அப்பிடியே என் தம்பி மொகம் கீது. எங்கிட்ட குடுத்துடுங்க, ராஜா மாதிரி வெச்சிப்பேன்” என்றார். அம்மா உடனே பிடித்துக்கொண்டாள். “இவளுக்கு இன்னா வயசாவுது? கையில புள்ளையோட இருந்தா எவன் வந்து கட்டுவான்?” அப்பா, “அவங்க ரத்தம்தான, நல்லாவே பாத்துப்பாங்க” என்றார். யாரும் கெட்டவர்கள் இல்லை, கண்ணு. அம்மா என்னைப் பற்றிப் பயந்தாள். அத்தை தம்பி போன இடத்தில் உன்னை வைக்கப் பார்த்தார். மூன்று பேருமாகச் சேர்ந்து கார்த்திகையில் ஒரு சனிக்கிழமையைக் குறித்தார்கள். என் பக்கம் திரும்பிய அப்பா, “அவதான் ஒண்ணும் சொல்லலயே. அவளுக்கும் சம்மதம்தான்” என்றார். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. எழுந்துபோய் எல்லோருக்கும் காபி போட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு நினைப்பு. சனிக்கிழமை வருவதற்குள் வேலையில் நிலையாக நிற்க வேண்டும். ‘எனக்கு வேலை இருக்கிறது, நானே வளர்ப்பேன்’ என்று சொல்ல ஒரு ஆதாரமாவது கையில் இருக்கும், அது இருந்தால் குரலும் வந்துவிடும் என்று நம்பினேன். அந்த வாரம் பார்த்துத்தான் மிஷின் என்னைக் கைவிட்டது. எஸ்தர் அக்காவின் சர்ச்சில் பாட்டுக் குழுவினர் கிறிஸ்துமஸுக்குத் தோளில் போடும் வெள்ளை அங்கவஸ்திரம். அதில் தங்க நிறத்தில் சிலுவையும் கோதுமைக் கதிரும். அக்கா தலைநிமிர்ந்து வாங்கி வந்த ஆர்டர். முதல் துண்டில் கதிர் முழுவதும் நூல் சுருள் சுருளாக எழும்பி நின்றது. திருப்பினேன். பின்னால் வெள்ளைக் கோடே இல்லை, முழுக்கத் தங்கம். மேல்நூல் தளர்ந்திருக்கிறது என்று குமிழை இறுக்கினேன். ஒரு அங்குலம் ஒழுங்காக ஓடியது, பிறகு வெடுக்கென்று நூல் அறுந்தது. தளர்த்தினால் சுருள், இறுக்கினால் அறுப்பு. வேறு ஊசிக்கு மாற்றினேன். அது கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக ஓடிவிட்டு அதேபோலச் செய்தது.

மழைக்கால ஈரத்தில் நூல் கெட்டிருக்கும் என்று அக்கா புது நூல்கண்டு வாங்கி வந்தார். ஊசியை மாற்றினோம். பாபின் உட்காரும் கேஸைக் கழற்றிப் பஞ்சை ஊதினோம். நூலை மறுபடி மறுபடி கோத்தோம். அத்தனையும் சரியான வேலைதான். அதற்கப்புறம் பயத்தில் நான் செய்ததுதான் தப்பு. மேலே திருகிக்கொண்டே கீழே பாபின் கேஸின் திருகையும் இறுக்கிவிட்டேன். இப்போது துணியும் சுருங்க ஆரம்பித்தது. எந்தத் திருகு முதலில் எங்கே இருந்தது என்று திரும்பிப் போக வழியே இல்லை. ஒன்றைத் தொட்டால் அதன் பலனைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் கை கேட்கவில்லை. கம்பெனி மெக்கானிக்குப் போன் செய்தால், “வெளியூர்ல இருக்கேன், அடுத்த வாரம் பாக்கலாம்” என்றார். வெள்ளைத் துண்டுகள் கெட்டு மூலையில் குவிந்தன. அக்கா என்னைத் திட்டவில்லை. “சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துல யூனிட் வெச்சிருக்கவர் திங்கக்கிழமை வர்றார். மிஷினைக் குடுத்துடலாம்னு இருக்கேன்மா. என்னால முடியல” என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமை நீ. திங்கட்கிழமை மிஷின். அன்று பஸ்ஸில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று சனிக்கிழமை. துண்டுகள் வராது என்று நேரில் சொல்லிவிட்டு வர அக்கா சர்ச்சுக்குப் போய்விட்டார். வீட்டில் உட்கார்ந்து அத்தைக்காகக் காத்திருக்க என்னால் முடியவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஒன்பது நூலையும் ஊசிப் பக்கத்திலிருந்து கையால் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். நன்றாக இருக்கும் குமிழில் நூல் ஒரே சீராகக் கனமாக வரும். இவற்றில் வழுக்கிக்கொண்டு வந்தது, திடீரென்று மாட்டியது, மறுபடி வழுக்கியது. தகடுகள் சரியாக மூடவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. குமிழை நான் கழற்றியதே இல்லை. கழற்ற வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். திருகிக்கொண்டிருக்கும்போதே அத்தை நனைந்த புடவையோடு உள்ளே வந்தார். கேளம்பாக்கத்தில் பஸ் மாறித் தாம்பரம் போய், வீட்டில் நாங்கள் இல்லாததால் இங்கே வந்திருக்கிறார். “இன்னாமே, இன்னிக்குனு தெரியாதா உனக்கு? வந்து பாத்தா வூட்ல நீயும் இல்ல, புள்ளையும் இல்ல” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு கடைசிச் சுற்றைத் திருகினேன். ஸ்பிரிங் தெறித்துப் போனது.

நான் மிஷினுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாய். அத்தை போட்ட சத்தத்தில் தலையை இடித்துக்கொண்டு எழுந்தேன். உன்னைக் குப்புறக் கவிழ்த்து, வாய்க்குள் விரலை விட்டு எதையோ தோண்டிக்கொண்டிருந்தார். எச்சிலோடு ஸ்பிரிங் வெளியே வந்தது. நீ வீறிட்டாய். அந்தச் சத்தத்தைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. “புள்ள வாய்ல இரும்பு கீது, நீ மிஷினுக்குக் கீழ படுத்துகினு கீற! இந்த எடத்துலயா இவன வளக்கப் போற? சொல்லுமே!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அத்தை சொன்னது நியாயம். நீ வளர்ந்த பிறகு இதை உன்னிடம் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். நேற்று உன்னைக் காப்பாற்றியது நான் இல்லை.

அழுதபடியே கையில் இருந்த தகடுகளைப் பிரித்தேன். நடுவில் மஞ்சளாகப் பொடி ஒட்டியிருந்தது. உரசினால் உதிர்ந்தது. அத்தை மோந்து பார்த்தார். “இன்னா வாசன இது?” நான், “தூசு அண்ணி” என்றேன். “மீனு வித்தாலும் எனக்கு மூக்கு கீது” என்று என் கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோனார். பிறகு மிஷினைப் பார்த்தார். ஒன்பது குமிழிலும் காய்ந்து வெடித்த சந்தனம், அதன் மேல் மங்கிய குங்குமம். ஈரமாக உள்ளே இறங்கியது காய்ந்து பொடியாகித் தகடுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து, “கயட்டு. நான் புடிச்சிக்கறேன்” என்றார். ஒவ்வொரு குமிழாகக் கழற்றினேன். தெறிக்கும் முன்னால் அத்தை ஸ்பிரிங்கை உள்ளங்கையில் வாங்கி மூடிக்கொண்டார். தகடுகளை உலர்ந்த துணியால் துடைத்து, கழற்றிய வரிசையிலேயே மாட்டினேன். பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு ஒரு உதறு உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். அப்படி நிற்கும்வரை கீழ்த் திருகைச் சரிசெய்தேன். அதன் பிறகு அதைத் தொடவில்லை. பிறகு மேலே ஒவ்வொரு ஊசியாக ஒரு பட்டை தைத்துப் பார்த்தேன். பார்த்து முடித்துத் துணியைத் திருப்பும்போது அத்தையும் குனிந்து பார்த்தார். நடுவில் வெள்ளைக் கோடு, இருபக்கமும் தங்கம்.

கோதுமைக் கதிர் பாதி ஓடும்போது எஸ்தர் அக்கா குடையை மடக்கிக்கொண்டு வந்தார். மிஷின் சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். “என்னம்மா ஆச்சு? எப்படி?” அத்தைதான் சொன்னார், “என் சந்தனம்தாம்மா. நான்தான் அள்ளி அள்ளி அப்பினேன்.” அக்காவின் முகம் போன போக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. “அது மேல கை வெக்கவே எனக்குப் பயமா இருந்துச்சும்மா. கிறிஸ்டியன் வீடு, சாமிக்கு வெச்சத அழிச்சிட்டாங்கன்னு நீங்க நினைச்சிட்டா? அந்த ஒரு எடத்தை மட்டும் விட்டுட்டு மிச்சமெல்லாம் துடைச்சேன்.” அத்தை, “அட தேவுடா! நான் வந்து பாத்துட்டு, இவங்க நம்ம சாமிய எவ்ளோ மதிக்கிறாங்க, இன்னும் வெச்சிகினு கீறாங்களேன்னு நெனச்சேன்!” என்றார். நானும் அதைத் துடைக்க நினைத்ததுண்டு. அண்ணி மனசு நோகும் என்று விட்டுவிட்டேன். மூன்று பேரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு இருந்ததில் ஒரு வீட்டுப் பிழைப்பே போகப் பார்த்தது. அக்கா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. உன்னைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“பஸ்ஸு போயிடும். துணிமணி எங்க கீது?” என்றார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஆதாரம் கையில் கிடைத்துவிட்டது. மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் குரல் வரவில்லை. வேலை வந்தால் குரல் வரும் என்று நம்பியிருந்தது எவ்வளவு பெரிய ஏமாளித்தனம் என்று அந்த நேரத்தில்தான் தெரிந்தது. அத்தை வாசல்வரை போய்த் திரும்பினார். “உங்கப்பன் சொன்னாரு, நீ ஒத்துகினன்னு. உன் வாயால நான் ஒரு வார்த்த கேக்கல. நாளைக்கு அழுதுகினு வந்து என் வூட்டு வாசல்ல நின்னா எனக்குத் தாங்காதுமே. ஒரு தபா ஒருத்தன பறிகுடுத்துட்டேன். சொல்றதுன்னா இப்பவே சொல்லிடு.” நான் ஏதோ சொன்னேன். “இன்னா? ஒண்ணும் கேக்கல.” மறுபடி சொன்னேன். மிஷின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. அத்தை கை நிறைய உன்னோடு காத்துக்கொண்டிருந்தார். நீ அவர் காதுத் தோட்டைப் பிடித்து விளையாடினாய். நான் போய் சிவப்பு பட்டனை அழுத்தி மிஷினை நிறுத்தினேன். கதிரின் பாதியில் ஊசி அப்படியே நின்றது. “என் புள்ளைய நான் குடுக்க மாட்டேன் அண்ணி” என்றேன்.

அத்தை என்னைத் திட்டவில்லை. என் இடுப்பில் உன்னை உட்கார வைத்தார், முந்தானையால் உன் வாயைத் துடைத்தார், மழையில் இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. நீ என்னிடம் ஒட்டவில்லை. அவர் போன பக்கம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, மூச்சு நிற்கும் அளவுக்கு அழுதாய். அத்தையிடமிருந்து உன்னைப் பிரித்தது நான்தான். உன்னை வைத்துக்கொண்டு நான் நன்றாக வளர்த்தேனா, அவரிடம் கொடுத்திருந்தால் ராஜா மாதிரி இருந்திருப்பாயா என்பது இதைப் படிக்கும் உனக்குத் தெரியும். எனக்கு இன்று தெரியாது. இன்னும் போகவில்லையென்றால் அவரைத் தேடிப் போ. என்னிடம் அனுமதி கேட்காதே. நான் தலையாட்டினால் அதை நம்பாதே. யார் எதற்குத் தலையாட்டினாலும் நம்பாதே, வாயால் கேட்டுவிடு. நீயும் வாயால் சொல்லிப் பழகு. என்னைப் போல அதைப் பத்தொன்பது வயதுவரை ஒத்திப்போடாதே.

துண்டுகள் வரும் என்று சர்ச்சுக்கும், மிஷினைக் கொடுக்கவில்லை என்று திங்கட்கிழமை வரவிருந்தவருக்கும் அக்கா சொல்லிவிட்டார். ஆர்டரை முடிக்க வேண்டும் என்று நேற்று நாம் இங்கேயே தங்கிவிட்டோம். அக்கா அப்பாவுக்குப் போன் செய்து வேலை இருப்பதாக மட்டும் சொன்னார். அத்தை வெறும் கையோடு போனது அவர்களுக்கு இன்னும் தெரியாது. அம்மா என்னைப் பெண் பார்க்க யாரையோ வரச் சொல்லியிருக்கிறாளாம். இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், நேற்று சொன்னதை அப்பாவின் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அங்கே டிவி ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே நுழைந்ததும் முதலில் அதை நிறுத்துவேன்.